ஊர்ப்பக்க வானிலை: வானத்துக்கு முன் அணையைப் பாருங்கள்

மாசி பிறந்துவிட்டது. இப்பகுதிக்கு இத்திங்கள் வந்த கடிதங்களும் தொலைபேசி விசாரிப்புகளும் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கொண்டவை. "இவ்வாண்டு கோடை எப்படி இருக்கும்? எருத்தேன்பதிப் பக்கம் மழை உண்டா? ஊரில் விதைக்கப் பணம் கேட்கிறார்கள், அனுப்பலாமா?" என்பதே அது. கொச்சியிலும் திருச்சூரிலும் கோவையிலும் திருப்பூரிலும் பிழைப்பின் பொருட்டு வாழும் நம் குடும்பங்களுக்கு வானிலை என்பது குடை எடுத்துச் செல்வதா வேண்டாமா என்ற செய்தி அன்று. மாதச் சம்பளத்தில் எவ்வளவை ஊருக்கு அனுப்புவது என்ற செய்தி. ஆகவே இக்கேள்விக்கு விடை கூறுமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதேபோன்றதொரு மாசி இதழில், "இக்கோடையில் மழை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும் என வானிலைத் துறை கூறுகிறது" என்று இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டேன். அச்செய்தியில் பொய் இல்லை. துறை அவ்வாறுதான் கூறியிருந்தது. ஆனால் அதைப் படித்த அன்பர் ஒருவர், எர்ணாகுளத்தில் மூட்டை தூக்கிப் பிழைப்பவர், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, ஊரிலிருக்கும் தம்பிக்கு நிலக்கடலை விதை வாங்கப் பணம் அனுப்பினார். சித்திரையில் ஒரு மாலை மழை பெய்தது. அந்த ஈரத்தை நம்பி விதைத்தார்கள். முளைத்தது. அதன்பின் இருபது நாட்களுக்கு மேல் வானம் திரும்பிப் பார்க்கவில்லை. வைகாசியில் தென் கேரளத்தில் கொட்டித் தீர்த்தது. மாநிலக் கணக்கில் மழை அதிகம்தான். எருத்தேன்பதிக் கரிசலில் கடலைச் செடி கருகியதும் உண்மைதான்.

அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. நம் இதழை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அப்பக்கத்தை என் மேசைமேல் விரித்து வைத்து, "தம்பி, நீங்கள் எழுதியதில் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஓய்வு நாளில் அவரோடு பஸ் ஏறிச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வழியாக அவர் ஊருக்குப் போனேன். வயலை நான் பார்ப்பதற்கு முன் அவர் என்னை வாய்க்காலுக்கு அழைத்துச் சென்றார். வாய்க்காலின் தரையில் பிள்ளைகள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். "இதைப் பார்த்துவிட்டு விதை வாங்கியிருக்க வேண்டும், பத்திரிகையைப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன்" என்றார். அவர் வீட்டார் கொடுத்த மோரை அன்று எப்படிக் குடித்தேன் என்பதை நானே அறிவேன்.

அவர் கேட்ட கேள்விக்குரிய விடையை இவ்விதழில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாத ரயில்வே குமாஸ்தாவுக்கு வானியல் தெரியாது. கணக்கு தெரியும். நம் ஊரின் கோடை பெரும்பாலும் ஒரு கணக்கு என்பதே நான் கூற வந்தது.

நம் ஊர் எங்கே இருக்கிறது?

கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். கிழக்கே, எல்லைக்கு அப்பால் உள்ள கோயம்புத்தூர்ச் சமவெளியில் அது 600, 700 மில்லிமீட்டர்தான். எருத்தேன்பதியும் வடகரப்பதியும் கேரள வரைபடத்துக்குள் இருந்தாலும், மழையைப் பொறுத்தமட்டில் கோயம்புத்தூருக்கு நெருங்கிய உறவு. மாநிலச் சராசரியில் பாதிகூட நமக்குக் கிடைப்பதில்லை. கேரளத்தின் பெரும்பகுதி செம்மண்ணாக இருக்க, சித்தூர் வட்டத்தின் இக்கிழக்குக் கரையில்தான் கரிசல் மண் காணப்படுகிறது. மண்ணே நம் வானத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இதற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையற்ற வாசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாசல் வழியே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. மலையில் மோதி மேலெழும் காற்றே பெருமழை தரும். வாசலில் தடையின்றி ஓடுகிற காற்று நம் தலைக்குமேல் மேகத்தை ஓட்டிச் செல்லுமேயன்றி அதிகமாக இறக்கி வைக்காது. ஆடி மாதத்தில் தென்னை மட்டைகள் பேயாட்டம் ஆட, முற்றத்தில் தூறல் மட்டும் விழுவது இதனால்தான்.

நமக்குரிய மழை வேறிடத்தில் பெய்கிறது. ஆனைமலையின் உச்சியில், வால்பாறைக்கு அப்பால், தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு போன்ற காடுகளில் அது பெய்கிறது. அம்மலைத்தொடரின் நீரை நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, ஆழியாறு, திருமூர்த்தி எனத் தொடராகச் சேர்த்து வைப்பதே பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். அந்நீரில் நமக்குரிய பங்கு ஆழியாற்றின் வழியே வந்து, மணக்கடவில் அளக்கப்பட்டு, சித்தூர்ப்புழையில் இறங்கி, மூலத்தறை நீரொழுங்கியில் வாய்க்கால்களாகப் பிரிகிறது. ஆகவே நாம் ஏரிக்கரையில் வாழாவிட்டாலும் ஏரியை நம்பி வாழ்கிறவர்கள். நம் ஊர்க்கிணற்றின் தலைவாசல் ஆழியாறு ஏரிக்கரையில் இருக்கிறது.

தண்ணீரின் ஆண்டுக் கணக்கு

ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. தண்ணீருக்கும் ஓர் ஆண்டுக் கணக்கு உண்டு. அது ஜூலை 1-இல் தொடங்கி, மறு ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. 1970-ஆம் ஆண்டு மே 29-இல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, இவ்வோராண்டுக்குள் மணக்கடவில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேரவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2,832 கோடி. எப்போது எவ்வளவு திறப்பது என்பதை இரு மாநில அதிகாரிகளும் அமர்ந்த கூட்டு வாரியம் முடிவு செய்கிறது.

இப்போது காலண்டரைப் பாருங்கள். மாசி பிறக்கும்போது நீர்க்கணக்கில் ஏழரை மாதம் கழிந்துவிட்டது. மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து ஓய்ந்து, ஐப்பசி-கார்த்திகை மழையும் போய்விட்டது. இரண்டாம் போக நெல்லுக்கு வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் செலவாகிவிட்டது. இனி ஆனி நடுவரை உள்ளது மீதித்தொகை மட்டுமே. எடுத்துக்காட்டாக, பிப்ரவரி முடியுமுன் 6 டி.எம்.சி. வந்துவிட்டதென்றால், மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதத்துக்கு மிச்சம் 1.25 டி.எம்.சி. தான். அதிலும் குடிநீருக்கே முதலுரிமை. பங்குனியில் எவ்வளவு வேண்டினாலும் இம்மீதி கூடாது. கோடை மழை பெய்தாலும் அணைக்கு அதனால் வரும் வரவு சிறிது.

இதற்குக் கசப்பான சான்று 2017-ஆம் ஆண்டின் கோடை. அக்கோடையில் நம் மக்கள் வானத்தைப் பார்த்து ஏங்கினார்கள். ஆனால் அவ்வறட்சி கோடையில் பிறந்ததன்று. 2016-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இயல்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தொடர்ந்து வந்த வடகிழக்குப் பருவமழையோ இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. அக்டோபர் கடைசியிலேயே கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன. 2017 ஜனவரியில் தமிழகமும் அவ்வாறே அறிவித்தது. பாத்திரம் இரு பக்கமும் காலி. கேட்கிறவனுக்கும் இல்லை, கொடுக்கிறவனுக்கும் இல்லை. மாசியில் அணைக் கணக்கைப் பார்த்திருந்தவனுக்குச் சித்திரையில் நேர்ந்தது வியப்பளித்திராது.

அணையின் அடிக்கணக்கும் ஏமாற்றும்

ஆழியாறு அணையின் முழு உயரம் 120 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 3.86 டி.எம்.சி. பொள்ளாச்சிப் பக்கத்து நாளிதழ்களில் நீர்மட்டம் அச்சாகிறது. "60 அடி இருக்கிறது, பாதி அணை நிறைந்திருக்கிறது" என்று ஊரிலிருந்து யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஏரி என்பது நேர்ச்சுவர்த் தொட்டி அன்று. அடியில் குறுகி மேலே விரிந்த கிண்ணம். கிண்ணத்தில் பாதி உயரத்துக்குப் பால் ஊற்றி, அதை அளந்து பாருங்கள்; பாதிக்கும் மிகக் குறைவாக இருக்கும். மேலே உள்ள பத்தடியில் அடங்கும் தண்ணீரில் சிறு பங்கே அடியில் உள்ள பத்தடியில் அடங்கும். அவ்வடிப் பகுதியிலும் வண்டல் படிந்திருக்கும். ஆகவே அடியைக் கேளாதீர்கள், கொள்ளளவைக் கேளுங்கள்.

கோடையில் ஏரியின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் வரை ஆவியாகிப் போகிறது. கணவாயின் வறண்ட கிழக்குக் காற்று வீசும் நாட்களில் இது மிகும். திறந்துவிடாமலே ஒரு மாதத்தில் ஏரி ஒரு சாண் அளவு இறங்கிவிடும் என்று கொள்ளலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. "மலம்புழா அணையில் நிறையத் தண்ணீர் இருக்கிறதே" என்பார்கள். இருக்கலாம். 1955-இல் திறக்கப்பட்ட அவ்வணை வேறு ஆற்றின் நீரை வேறு வயல்களுக்குத் தருகிறது. வாளையாறும் அவ்வாறே; தெற்கே மீன்கரையும் சுள்ளியாறும் காயத்திரிப்புழை வயல்களுக்குரியவை. அடுத்த வீட்டுப் பத்தாயத்தைப் பார்த்து நம் அடுப்பில் உலை வைக்க இயலாது. எருத்தேன்பதிக்கு வேண்டிய கணக்கு ஆழியாறு, மணக்கடவு, மூலத்தறை என்ற மூன்று சொற்களில் அடங்கும். அதிலும் மூலத்தறை வலக்கரை வாய்க்கால் நெடுங்காலம் கோரையாற்றோடு நின்றுபோனது. அதை நம் பக்கம் நீட்ட வேண்டுமென்பது இவ்வட்டாரத்தாரின் நீண்டகாலக் கோரிக்கை. வாய்க்கால் கடைமடையில் இருப்பவர், தலைமடைக்குத் தண்ணீர் வந்த செய்தியைத் தமக்கு வந்ததாக எண்ணக்கூடாது.

வானிலைத் துறை சொல்வதும் சொல்லாததும்

இதனால் வானிலைத் துறையின் அறிக்கை வீண் என்பது பொருளன்று. 1875-இல் தோன்றிய அத்துறை, மார்ச் முதல் மே வரையிலான முன்னோட்டத்தைப் பிப்ரவரி இறுதியை ஒட்டி வெளியிடுகிறது; பருவமழை பற்றிய முதல் அறிக்கையை ஏப்ரல் நடுவிலும், கேரளத்தில் பருவமழை தொடங்கும் நாளை மே நடுவிலும் கூறுகிறது. அதைப் படிக்கும் முறையைத்தான் நான் அன்று தவறவிட்டேன்.

"மழை அதிகம்" என்று அறிக்கை கூறும்போது, அது வாக்குறுதி அன்று, வாய்ப்பு. குறைவு, இயல்பு, அதிகம் என மூன்று பெட்டிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்றும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் நூற்றில் முப்பத்து மூன்று. அறிக்கை "அதிகம்" என்ற பெட்டிக்கு நாற்பத்தைந்து கொடுத்தால், அது அதிகமான வாய்ப்புதான். ஆயினும் மீதி ஐம்பத்தைந்து மற்ற இரண்டு பெட்டிகளில் இருக்கிறது. சங்கிலியை அடகு வைப்பவர் இந்த ஐம்பத்தைந்தை அறிந்து வைக்க வேண்டும்.

அடுத்து, அது பெரும் நிலப்பரப்புக்கும் மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. கேரளத்தின் மார்ச்-மே மழை சராசரி ஏறத்தாழ 360 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் மே மாதத்தில் பெய்வது. மார்ச்சின் பங்கு பத்தில் ஒன்று அளவே. தென்மாவட்டங்கள் அதிகம் பெறும், கணவாய்ப் பகுதி குறைவாகப் பெறும். அன்றியும், இரண்டு மாலைகளில் கொட்டும் மழையும் கணக்கில் முழு மழையாகவே எழுதப்படும். கணக்குப் புத்தகம் நிறைந்துவிடும். பயிர் இரண்டு மழைக்கிடையே மடிந்துவிடும்.

பருவமழை தொடங்கும் நாளும் அத்தகையதே. இயல்பான நாள் ஜூன் 1, அதாவது வைகாசி 18. ஆனால் 2023-இல் அது ஜூன் 8-இல் வந்தது. 2025-இல் மே 24-இலேயே வந்துவிட்டது. பதினைந்து நாள் வித்தியாசம். முளைவிட்ட நிலக்கடலைக்குப் பதினைந்து நாள் என்பது உயிர்.

மாதவாரியாக எதிர்பார்க்கத் தக்கவை

மாசி: பகலில் வெயில், விடியலில் குளிர். கிழக்குக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் மாதம் இது. மழையை எதிர்பார்க்க இடமில்லை. பெய்தால், முதலமடைப் பக்கத்து மாந்தோப்பினருக்கு அது நன்மையைவிடத் தீமையாகவே முடியலாம். தென்னைக்கு இப்போதே பாத்தியில் மட்டையும் சருகும் பரப்பி மூடுவது நன்று. சொட்டுநீர் உள்ளவர்கள் பிப்ரவரி முதல் மே வரை மரமொன்றுக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் அளவு விடவேண்டுமென்பது வேளாண்மைப் பரிந்துரை. உங்கள் தோப்பில் எத்தனை மரம், கிணற்றில் எவ்வளவு நீர் என்று இன்றே பெருக்கிப் பாருங்கள். தென்னையில் இன்று பட்ட வாட்டம் காய் எண்ணிக்கையில் தெரிய ஓராண்டுக்கு மேலாகும்; ஆகவே "மரம் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் அடையவேண்டாம்.

பங்குனி: இதுவே கடுமையான மாதம். மேற்கேயிருந்து கடல்காற்று கணவாய்க்குள் நுழையத் தொடங்கும். வெப்பத்தோடு புழுக்கமும் சேரும். 2016 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் 41.9 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. 2024 ஏப்ரல் இறுதியிலும் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இரண்டும் பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ ஆண்டை ஒட்டி வந்தவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி மிகுந்தால் அதை வெப்ப அலை என்பர். கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில், வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தர உத்தரவிடுகிறது. கட்டட வேலைக்கும் தோப்பு வேலைக்கும் செல்லும் நம் மக்கள் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம். ஊரில் தனியே இருக்கும் முதியோரை இம்மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேளுங்கள். பணம் அனுப்புவதினும் இது பெரிது.

சித்திரை: மாலை இடியின் மாதம். காலையில் தெளிந்த வானம். பிற்பகலில் ஆனைமலைப் பக்கம் கருமை. மாலையில் புழுதிக் காற்று. பிறகு மழை, அல்லது மழையற்ற வெறும் காற்று. வாழைக்கு முட்டுக் கொடுக்க மறவாதீர்கள். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் அபாயம் மிகுதி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் ஏரிக்கரையிலும் தென்னை அடியிலும் நிற்பது தகாது. வற்றிய ஏரியின் ஓரச்சேறு மேலே காய்ந்து உள்ளே குழைந்திருக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகளை அங்கு இறங்க விடாதீர்கள். முதல் மழை பெய்ததும் விதைக்க வேண்டாம், உழுங்கள். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பழமொழி விதைப்பைப் பற்றியதன்று, உழவைப் பற்றியது. உழுத நிலம் அடுத்த மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

வைகாசி: மேகம் உண்டு, நம்பிக்கையும் உண்டு, பொறுமை வேண்டும். கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்ற செய்தி எருத்தேன்பதியில் தொடங்கிவிட்டது என்பதன்று. மலையில் பெய்து அணைக்கு வரவு தொடங்கியதா என்பதே நமக்குரிய செய்தி.

மலைப்பக்கத்து அன்பர்களுக்கு

நம் சங்கத்தில் இடுக்கி எல்லையில் வாழும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் நிலை நமக்கு நேர்மாறானது. தேக்கடி ஏரி கண்ணுக்கெதிரே விரிந்து கிடக்கும். ஆனால் 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் அந்நீர் சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகைக்கும் போகிறது. ஏலத்தோட்டத்துக்கு வேண்டியது கோடையில் இடையிடையே விழும் மழை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி இருந்தும் மழையின்றி ஏலச்செடிகள் பெருமளவில் காய்ந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வானத்தையே பார்க்க வேண்டும். நாம் முதலில் அணையைப் பார்க்க வேண்டும். ஒரே இதழில் இருவருக்கும் ஒரே வரியில் வானிலை எழுதுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதனால் விளங்கும்.

ஆழ்துளைக் கிணறு பற்றி ஒரு சொல்

மீதித்தொகை குறைவென்று தெரிந்தவுடன் ஊரிலிருந்து வரும் அடுத்த வேண்டுகோள், "ஆழ்துளைக் கிணறு போடப் பணம் அனுப்பு" என்பது. அனுப்புமுன் சிந்தியுங்கள். 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், கேரளம் முழுவதிலும் நிலத்தடி நீரை ஊறும் அளவுக்கு மேல் உறிஞ்சிவிட்ட ஒரே வட்டாரமாகச் சித்தூர் குறிக்கப்பட்டது. ஆறுகளுக்குப் பெயர் பெற்ற மாநிலத்தில் இப்பெயர் நமக்கு வந்தது. புதிதாக ஒருவர் ஆழத் தோண்டும்போது, அடியில் புதுத்தண்ணீர் பிறப்பதில்லை. பெரும்பாலும் பக்கத்து வீட்டாரின் கிணற்றுநீர் கைமாறுகிறது. பிறகு அவர் இன்னும் ஆழத் தோண்டுவார். இப்போட்டியில் துளையிடும் வண்டிக்காரருக்கன்றி ஒருவருக்கும் நிலையான ஆதாயம் இல்லை. அதே பணத்தில் சொட்டுநீர்க் குழாயோ, பழைய கிணற்றைத் தூர்வாருவதோ, பருவமழை நீரைக் கிணற்றுக்குள் வடித்து இறக்குவதோ செய்தால் அடுத்த கோடைக்கு வரவாகும். கோடையில் போடும் கிணறு கடன். மழைக்காலத்தில் இறக்கும் நீர் சேமிப்பு.

பணம் அனுப்புமுன் கேட்கவேண்டியவை

வானத்தின் இன்றைய நிலையை இங்கு எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வருமுன் அது மாறிவிடும். ஆகவே நீங்களே கணக்கிடும் வண்ணம் நான்கு கேள்விகளைத் தருகிறேன். ஊருக்குப் பேசும்போது இவற்றைக் கேளுங்கள். ஒன்று: மணக்கடவில் இந்த நீராண்டில் இதுவரை எத்தனை டி.எம்.சி. வந்தது, 7.25-இல் மீதி எவ்வளவு? இரண்டு: ஆழியாறு அணையில் கொள்ளளவு எவ்வளவு இருக்கிறது, சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது? மூன்று: நம் வயலை ஒட்டிய வாய்க்காலில் கடைசியாகத் தண்ணீர் ஓடிய நாள் எது? நான்கு: வீட்டுக் கிணற்றில் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது?

நான்குக்கும் விடை நன்றாயிருந்தால், வானிலை அறிக்கை எப்படி இருப்பினும் அளவோடு செலவிடலாம். நான்கும் மோசமாயிருந்தால், அறிக்கை எவ்வளவு இனிப்பாக இருப்பினும் கடன் வாங்கி விதைக்க வேண்டாம். கோடை மழையை விருந்தாளியாகக் கருதுங்கள்; வந்தால் வரவேற்போம்; அவர் கொண்டுவரும் பலகாரத்தை நம்பி உலை வைக்காமல் இருக்கலாகாது.

அந்த எர்ணாகுளத்து அன்பரின் சங்கிலி மீட்கப்பட மூன்றாண்டுகள் ஆயின. சென்ற பொங்கலுக்கு அவர் என்னைப் பார்த்தபோது, "இவ்வாண்டு என்ன எழுதப்போகிறீர்கள் தம்பி?" என்று கேட்டார். "உங்கள் ஊரை எழுதப்போகிறேன்" என்றேன். "அப்படியானால் வாய்க்காலில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்றார் சிரித்துக்கொண்டே. கேட்டுவிட்டே எழுதுவேன் என்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இனி ஒவ்வொரு திங்களும், இப்பகுதியின் முதல் வரியில் மணக்கடவுக் கணக்கு இருக்கும். மாநில அறிக்கை அதற்குப் பின்னரே வரும். ஊருக்குச் சென்று திரும்பும் அன்பர்கள், தாம் கண்ட வாய்க்கால் நிலையையும் கிணற்று ஆழத்தையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்க முகவரிக்கு அனுப்புவார்களாயின், இக்கணக்கு என் ஒருவனுடையதாக இராமல் நம் எல்லோருடையதுமாக அமையும்.

அடுத்த இதழில் பங்குனிக் கணக்கோடு சந்திப்போம். வணக்கம்.